விவசாய மானியப் பட்டியலைப் படிப்பது எப்படி? புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு விவசாயத்துக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள இன்று பல நாடுகளில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. பெயர், ஊர், தொகை எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. பட்டியலைத் திறந்ததும் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம், தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே நிற்கும் பத்துப் பெயரைப் பார்த்துக் கொதிப்பது. அடுத்த நாள் அந்தப் பத்தில் ஒன்று கூட்டுறவுச் சங்கம், இன்னொன்று வெள்ள நிவாரணம் என்று தெரியவரும்போது கொதித்ததெல்லாம் வீண்.

தொகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். அது எந்த வகைப் பணம்? அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கீழே இருக்கும் படிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் தேடுவதற்காகத்தான்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"மானியம் யாருக்குப் போகிறது?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. ஒரு திட்டம், ஒரு மாவட்டம், ஓரிரு ஆண்டுகள் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். ஒரே முகவரியில் எத்தனை பெயருக்குப் பணம் போகிறது? போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு காணாமல் போனவர்கள் யார்? எந்த மாதத்தில் புதுப் பெயர்கள் திடீரென்று கூடின? இப்படி எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் போதும். கேள்வியை எழுதி எதிரில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. லட்சக்கணக்கான வரிசைகள் உள்ள கோப்பில் இறங்கினால் எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துபோகும்.

2. எந்த வகைப் பணம் என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். விவசாய மானியம் என்ற ஒரே பெயரில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல வகைப் பணம் ஓடுகிறது. வகை மாறினால் முறைகேடு நடக்கும் விதமும் மாறும்.

தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது ஒரு வகை. இந்தியாவின் பிஎம் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. நிலம் ஒரு ஏக்கரானாலும் பத்து ஏக்கரானாலும் தொகை ஒன்றுதான். இந்தப் பட்டியலில் 'அதிகம் வாங்கியவர்' என்று ஒருவரைத் தேடுவதில் அர்த்தமில்லை. இங்கே திருட்டு நடக்க வேண்டுமென்றால் ஆள் கணக்கைக் கூட்ட வேண்டும்.

ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுப்பது அடுத்த வகை. தெலங்கானா 2018இல் கொண்டுவந்த ரைத்து பந்து திட்டத்தில் தொடக்கத்தில் ஏக்கருக்குப் பருவம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள். நிலத்துக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. நிலம் கூடக் கூடப் பணமும் கூடும். இங்கே பெரிய தொகைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதில் பொருள் உண்டு. ஏமாற்று நடந்தால் அது ஏக்கர் கணக்கில் நடக்கும். கிரேக்கத்தில் விவசாய மானியத்தைப் பட்டுவாடா செய்த ஓபெகெபெ என்ற அமைப்பைச் சுற்றி வெடித்த விவகாரம் இந்த ரகம்தான். தங்களுக்குச் சொந்தமோ குத்தகையோ இல்லாத மேய்ச்சல் நிலத்தைத் தங்களுடையதாகக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரிக்க, 2025 ஜூனில் அமைச்சர்களே பதவி விலக நேர்ந்தது.

மூன்றாவது வகை விலையோடு கட்டப்பட்டது. அமெரிக்காவின் 2014 விவசாயச் சட்டம் ஏ.ஆர்.சி, பி.எல்.சி என்ற இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று வருமானம் சரிந்தால் கொடுக்கும், மற்றது விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கொடுக்கும். இதில் புதியவர்கள் தவறாமல் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பணம் கணக்கிடப்படுவது இந்த ஆண்டு விதைத்த ஏக்கருக்கு இல்லை. பழைய சாகுபடி வரலாற்றை வைத்து அந்தப் பண்ணைக்கு எழுதிவைத்த 'அடிப்படை ஏக்கர்' கணக்குக்கு. ஒருவர் கோதுமைக்கான மானியம் வாங்குவார், வயலில் சோயா நிற்கும். அது சட்டப்படி சரியே. அந்தச் சட்டம் சரியா என்பது வேறு கேள்வி, நல்ல கேள்வியும்கூட. 2014க்கு முன்பு இருந்த 'நேரடித் தொகை' முறையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் பழைய ஏக்கர் கணக்குக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதைத் தோண்டியபோது, டெக்ஸாஸில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்குக்கூட நெல் மானியம் போவது வெளிவந்தது. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று அந்த நாளிதழ் கணக்குப் போட்டது.

நான்காவது, காப்பீட்டு பிரீமியத்தில் அரசு ஏற்கும் பங்கு. அமெரிக்காவில் பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. இந்தியாவில் 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரீப் (மழைக்கால) பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 சதவீதம். மிச்சம் மத்திய, மாநில அரசுகளுடையது. அந்த மிச்சம் நேரே போவது காப்பீட்டு நிறுவனத்துக்கு.

உர மானியமும் அப்படித்தான். விவசாயி மானியம் கழித்த விலைக்கு மூட்டையை எடுத்துப் போகிறார், கடையில் இருக்கும் பிஓஎஸ் மெஷினில் விற்பனை பதிவானதும் அரசுப் பணம் உர நிறுவனத்துக்குப் போகிறது. யார் எத்தனை மூட்டை வாங்கினார் என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் மானியம் பெற்றவர் என்று காகிதத்தில் நிற்பது நிறுவனம்.

அப்புறம், எப்போதாவது வருகிற அவசரப் பணம். சீனாவுடன் நடந்த வரிச் சண்டையில் விலை விழுந்ததற்காக 2018, 2019 பயிர்களுக்கு அமெரிக்கா சுமார் 2,300 கோடி டாலர் கொடுத்தது. அடுத்து கொரோனா நிவாரணமும் சேர, 2020இல் அமெரிக்க விவசாயிகளுக்கு நேரடியாகப் போன அரசுப் பணம் சுமார் 4,600 கோடி டாலர். ஒரு பண்ணையின் 2017 தொகையையும் 2020 தொகையையும் பக்கத்தில் வைத்து "மூன்றே வருடத்தில் இவ்வளவு உயர்வா?" என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

3. பட்டியல் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் இந்தக் கதவு நீதிமன்றத்தில் திறந்தது. பருத்தி மானியம் வாங்கியவர்களின் பெயரையும் முகவரியையும் தர வேளாண் துறை மறுத்தபோது, பொதுப்பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதில் மக்களுக்கு உள்ள அக்கறை பெரிது என்று 1996இல் நீதிமன்றம் சொன்னது. அந்த வழியில் கிடைத்த பதிவுகளைக் கொண்டு என்விரான்மென்ட்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2001இல் பெயரைப் போட்டால் தொகை வரும் தரவுத்தளத்தை இணையத்தில் ஏற்றியது. 1995 முதலான கணக்கு அதில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே எளிய வாசல். மூலப் பதிவு வேண்டுமென்றால் வேளாண் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி வெளியிடும் பட்டுவாடாக் கோப்புகளுக்குப் போகலாம். மொத்த அரசுச் செலவையும் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளமும் இருக்கிறது. ஆனால் அதில் தனிநபர்களுக்குப் போன பணம் பெரும்பாலும் பகுதிவாரியாகக் கூட்டி ஒரே வரியாக வரும். பெயரைத் தேடுகிறவர்களுக்கு அது பயன்படாது.

ஐரோப்பாவில் கதை கொஞ்சம் வளைந்து வளைந்து போகும். டென்மார்க் 2004இல் பெயர்களை வெளியிட்டது. மறு ஆண்டு பத்திரிகையாளர்கள் சிலர் சேர்ந்து ஃபார்ம்சப்சிடி என்ற தளத்தைத் தொடங்கி நாடு நாடாகப் பதிவு கேட்டு வாங்கினார்கள். பிரிட்டனில் பட்டியல் வெளிவந்தபோது அரச குடும்பத்தின் பண்ணைகளும் அதில் இருந்தன. பிறகு ஐரோப்பிய ஒன்றியமே எல்லா நாடுகளும் வெளியிட வேண்டும் என்று விதித்தது. 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் குறுக்கே வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த விவசாயிகள் தொடுத்த வழக்கில், சிறியவர் பெரியவர் என்று பார்க்காமல் எல்லாத் தனிநபர் பெயரையும் போடுவது அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பு வந்தது. தனிநபர் பெயர்கள் மறைந்தன. நிறுவனங்கள் மட்டும் நின்றன. 2013 விதிகள் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது, சிறு தொகை, பொதுவாக 1,250 யூரோவுக்குக் கீழே, வாங்கியவர்களின் பெயரை மறைத்தார்கள். என் கணக்கில் இது நியாயமான ஏற்பாடு. கால் காணி வைத்திருப்பவரின் வருமானத்தை ஊருக்குக் காட்டி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது தேதி. உறுப்பு நாடுகள் முந்தைய நிதியாண்டின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் வெளியிட வேண்டும். இரண்டு ஆண்டு வரை வைத்திருந்தால் போதும். அதற்குப் பின் எடுத்துவிடலாம். ஆகவே கண்ணில் பட்ட அன்றே முழுக் கோப்பையும் இறக்கி, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுப் போக்கைப் பார்க்க நினைக்கிறவர்கள் முதல் ஆண்டிலிருந்தே சேமித்திருக்க வேண்டும்.

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(ஆ) பிரிவு, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்குச் சொல்கிறது. பிஎம் கிசான் தளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஊரின் பயனாளிகள் பட்டியல் வரும். ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

4. ஆண்டுக் கணக்கைச் சரிபாருங்கள்

பட்டியலில் '2022' என்று போட்டிருந்தால் அது எந்த 2022? அமெரிக்காவின் விலை சார்ந்த திட்டங்களில் ஒரு பயிர் ஆண்டுக்கான பணம் அடுத்த ஆண்டு அக்டோபருக்குப் பிறகுதான் கைக்கு வரும். 2022 பயிருக்கான தொகை 2023 அக்டோபரில். ஐரோப்பிய விவசாய நிதியாண்டு அக்டோபர் 16 முதல் மறு ஆண்டு அக்டோபர் 15 வரை. இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவது தெரிந்ததே. இரண்டு மூலங்களை ஒப்பிடும் முன், இது பயிர் ஆண்டா, பணம் கொடுத்த ஆண்டா என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் தொகைகளும் கண்ணில் படும். கோப்பில் ஏதோ பிழை என்று அழித்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் திரும்ப வாங்கிய பணம், அல்லது திருத்தப்பட்ட கணக்கு. யாரிடமிருந்து, ஏன் திரும்ப வாங்கினார்கள் என்பதே சில சமயம் நல்ல கட்டுரைக்கு ஆரம்பம்.

5. பெயருக்குப் பின்னால் யார்?

வேலை அதிகம் பிடிக்கிற படி இது. பலனும் இங்கேதான்.

முதலில் எளிய சிக்கல். ஒரே ஆள் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். இனிஷியல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, அப்பா பெயர் முழுசாக ஒரு முறை. 'மு. ராசு', 'ராசு மு', 'முத்து ராசு' மூன்றும் ஒருவராக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். எக்செலில் 'டூப்ளிகேட் நீக்கு' பொத்தானை அழுத்தி இதைத் தீர்க்க முடியாது. மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, நகலில் பக்கத்திலேயே 'நான் தீர்மானித்த பெயர்' என்று புது நெடுவரிசை போடுங்கள். எதை எதோடு சேர்த்தீர்கள், எதை நம்பிச் சேர்த்தீர்கள் என்று இன்னொரு நெடுவரிசை. முகவரி, அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள், ஒரே தேதியில் வந்த தவணை என்று ஏதாவது ஒரு சான்று வேண்டும். பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது.

அடுத்தது, ஆள் இல்லாத பெயர்கள். கூட்டாண்மை, கம்பெனி, டிரஸ்ட், எஸ்டேட் (இறந்தவரின் இன்னும் பிரிக்கப்படாத சொத்து) என்று வருபவை. அமெரிக்காவில் பயிர் மானியத்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு. நீண்ட காலம் அது 1,25,000 டாலர். 2025 சட்டம் 1,55,000 ஆக்கியது. இதைப் படித்துவிட்டுப் பட்டியலில் ஒரு பெயருக்கு 7,50,000 டாலர் போயிருப்பதைப் பார்த்தால் விதிமீறல் என்றே தோன்றும். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அந்தப் பெயர் ஒரு பொதுக் கூட்டாண்மை. அதில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர், அவரவர் மனைவியர் மூன்று பேர், ஆக ஆறு பங்குதாரர்கள். கூட்டாண்மையில் ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனி உச்சவரம்பு. பழைய வரம்பின்படி ஆறு முறை 1,25,000 என்றால் சரியாக 7,50,000. ஒரு பைசா விதிமீறல் இல்லை. பங்குதாரராக மானியம் பெற வயலில் உழைக்க வேண்டும், அல்லது நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபட வேண்டும் என்கிறது விதி. 'நிர்வாகம்' என்றால் என்ன? தொலைபேசியில் பேசுவதும் நிர்வாகமா? இதைச் சரிபார்ப்பது கடினம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ பலமுறை எழுதியிருக்கிறது. 2018 சட்டம் குடும்பம் என்பதன் வரையறையை விரித்து, அண்ணன் தம்பி பிள்ளைகள், அக்கா தங்கை பிள்ளைகள், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள்வரை உள்ளே சேர்த்தது. ஆகவே உச்சவரம்பைத் தாண்டிய தொகையைக் கண்டால் "மீறல்" என்று எழுதாமல், பங்குதாரர் எத்தனை பேர், அவர்கள் யார் என்று தேடத் தொடங்குங்கள். கம்பெனிப் பதிவேடு, நிலப் பதிவேடு, சொத்து வரிக் கணக்கு மூன்றும் இங்கே கைகொடுக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்கத் தரவுத்தளத்தில் பல ஆண்டுகள் உச்சியில் நின்ற பெயர்களில் ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ் ஒன்று. பல கோடி டாலர் என்றதும் கோபம் வருகிறதா? அது ஆர்கன்சா மாநிலத்து நெல் விவசாயிகளின் கூட்டுறவு. உறுப்பினர்களின் நெல்லுக்கு வந்த பணம் அதன் பெயரில் பதிவாகி, ஆயிரக்கணக்கானோருக்குப் பிரிந்து போனது. பிரிந்தபின் யாருக்கு எவ்வளவு என்று காட்டுவது வேளாண் துறைக்கு முடியாத காரியமும் இல்லை. 2002 விவசாயச் சட்டம் கூட்டுறவு, கூட்டாண்மை எல்லாவற்றையும் பிரித்து ஆள்வாரியாகக் கணக்கு வைக்கச் சொன்னது. 2007இல் அந்தக் கணக்கு மக்கள் பார்வைக்கும் வந்தது. அதுவரை தெரியாத பெயர்கள் நிறைய வெளியே வந்தன. மறு ஆண்டே வந்த 2008 சட்டம் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. இது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

ஐரோப்பாவில் பெரிய குழுமங்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கம்பெனி வைத்திருக்கும். பட்டியலில் தனித்தனிப் பெயராக வருவதால் கூட்டுத்தொகை யார் கண்ணிலும் படாது. செக் நாட்டில் அக்ரோஃபெர்ட் குழுமம் வாங்கிய மானியமும், அதைத் தொடங்கிய ஆந்த்ரேய் பாபிஷ் அந்த நாட்டின் பிரதமராக இருந்ததும் பல ஆண்டு சர்ச்சை. இதில் நலன் முரண்பாடு இருந்தது என்று ஐரோப்பிய ஆணையத்தின் தணிக்கையே சொன்னது. ஆகவே கம்பெனிப் பெயர் வந்தால் தாய் நிறுவனம் எது என்று கம்பெனிப் பதிவேட்டில் பாருங்கள். ஒரே பதிவு முகவரி, ஒரே இயக்குநர் என்று வந்தால் ஒன்றாகக் கட்டிவைத்துக் கூட்டுங்கள்.

6. முகவரி வேறு, நிலம் வேறு

பட்டியலில் இருப்பது பெரும்பாலும் பணம் பெறுபவரின் அஞ்சல் முகவரி. நிலம் எங்கேயோ இருக்கும். நியூயார்க் அடுக்குமாடி முகவரிக்குச் சோள மானியம் போகிறது என்பது தலைப்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் நிலத்தை வாரத்துக்கு விட்டு, விளைச்சலில் பங்கும் நஷ்டத்தில் பங்கும் ஏற்கிற உரிமையாளருக்கும் விதி இடம் தருகிறது. கேட்க வேண்டியது வாரமா, ரொக்கக் குத்தகையா என்பது. ரொக்கக் குத்தகை என்றால் மானியம் உழுகிறவருக்குத்தான் சேர வேண்டும்.

இந்தியாவில் இதே சிக்கல் தலைகீழாக இருக்கிறது. பிஎம் கிசான் நில உரிமைப் பதிவைப் பார்த்துக் கொடுப்பது, ரைத்து பந்துவும் அப்படித்தான் கொடுத்தது. குத்தகைக்கு உழுகிறவர் பெயர் பட்டாவில் இல்லை, ஆகவே பட்டியலிலும் இல்லை. உழுகிறவருக்கு வராமல் உரிமையாளருக்குப் போனது என்பதை இங்கே மோசடி என்று எழுத முடியாது. திட்டத்தையே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும்.

7. எது இல்லை என்று பட்டியல் போடுங்கள்

தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பயிர்க் காப்பீட்டு மானியம் யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு வெளிவராது, சட்டமே தடுக்கிறது. மாவட்டவாரி, பயிர்வாரி மொத்தம் மட்டும் கிடைக்கும். அந்த மானியத்துக்கு உச்சவரம்பும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. அதாவது வரம்பு உள்ள பணத்துக்குப் பெயர் தெரிகிறது, வரம்பே இல்லாத பணத்துக்குப் பெயர் தெரியாது. 2008 சட்டத்தின் 1619ஆம் பிரிவு வயல் எல்லை வரைபடம், விவசாயி தந்த பண்ணை விவரம் போன்றவற்றையும் பூட்டியது. ஆனால் பணம் பெற்றவர் பெயரையும் தொகையையும் அது பூட்டவில்லை. ஏதாவது ஓர் அலுவலகத்தில் அந்தப் பிரிவைக் காட்டி எல்லாவற்றையும் மறுத்தால் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டலாம்.

8. இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்

ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமை) மனுவில் பலர் செய்வது "ஏன் கொடுக்கவில்லை?", "இது நியாயமா?" என்று கேட்பது. விளக்கம் தர அலுவலகத்துக்குக் கடமையில்லை. கையில் இருக்கும் பதிவைத் தரத்தான் கடமை. ஆகவே பதிவைக் கேளுங்கள். உதாரணத்துக்கு:

"இந்த வட்டாரத்தில், இந்தத் திட்டத்தின்கீழ், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை (அ) மாதவாரியாகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட பயனாளிகள் எண்ணிக்கை, (ஆ) தகுதியற்றவர் என்று நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, காரணவாரியாக, (இ) அவர்களிடமிருந்து திரும்பப் பெற வேண்டிய தொகை, பெறப்பட்ட தொகை ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டின் நகலை மின்னணு வடிவில் தரவும்."

எண்ணிக்கையும் தொகையும் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பது கடினம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐயின் 8(1)(ஜே) பிரிவில் உள்ள தனிநபர் தகவல் விலக்கை இன்னும் அகலமாக்கியதால், இந்த வழி முன்பைவிட முக்கியமாகிவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் விலக்கைத் தாண்டியும் தரலாம் என்கிற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, மனுவிலேயே குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள், அதைத் தவறவிடாதீர்கள். இப்படிக் கேட்டு வாங்கிய ஒரு பதிலில்தான், தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு பிஎம் கிசானில் சுமார் 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று 2021 தொடக்கத்தில் தெரியவந்தது.

மாதவாரி எண்ணிக்கை ஏன் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த பிஎம் கிசான் முறைகேட்டில், சில மாவட்டங்களில் சில மாதங்களுக்குள் புதுப் பெயர்கள் மளமளவென்று ஏறின. அதிகாரிகளின் லாகின், பாஸ்வேர்டு வெளியார் கைக்குப் போய், விவசாயமே செய்யாதவர்களைச் சேர்த்திருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது என்று அரசே சொன்னது, சிபிசிஐடி விசாரித்தது. ஒரே நாளில் நின்று பட்டியலைப் பார்த்தால் எல்லாப் பெயரும் ஒன்றுபோலத் தெரியும். மாத வரிசையில் வைத்தால்தான் மேடு தெரியும்.

9. எழுதும் முன்

இறந்தவர் பெயரில் பணம் போயிருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது, அதைச் சரியாக எழுதுவது கஷ்டம். இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 1999 முதல் 2005 வரை அமெரிக்க வேளாண் துறை 110 கோடி டாலர் கொடுத்தது என்று ஜி.ஏ.ஓ 2007இல் சொன்னது. அத்தனையும் மோசடி என்று அது சொல்லவில்லை. இறந்தவரின் சொத்து பிரியும்வரை அந்த எஸ்டேட்டுக்குப் பணம் போக விதி இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் பிரியாமல் கிடந்தால் அலுவலகம் காரணம் கேட்க வேண்டும். பல இடங்களில் அதைக் கேட்கவில்லை என்பதே ஜி.ஏ.ஓவின் குற்றச்சாட்டு. நீங்களும் இறந்த தேதி, பணம் போன தேதி, இடையில் எத்தனை நாள் என்று மூன்று நெடுவரிசை போட்டபிறகு பேசுங்கள்.

சிறிய தொகைக்காரர்களின் பெயரை உங்கள் கட்டுரையில் போடாதீர்கள். பட்டியலில் இருக்கிறதே என்பது காரணமாகாது. பெரிய தொகை, பதவியில் இருப்பவர், கம்பெனி என்றால் தயங்க வேண்டாம். இன்னொன்று: மானியப் பணத்தைச் சுற்றி அடியாள் கூட்டம் இருக்கும் இடங்களும் உண்டு. 2018இல் கொலையுண்ட ஸ்லோவாக்கியப் பத்திரிகையாளர் யான் குசியாக் முடிக்காமல் விட்டுப்போன கடைசிக் கட்டுரை, இத்தாலிய மாஃபியாவோடு தொடர்புள்ளவர்கள் கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஐரோப்பிய விவசாயப் பணத்தைப் பெற்றதைப் பற்றியது. கொலை வழக்கு போன திசை வேறு என்றாலும், இப்படிப்பட்ட வேலையைத் தனியாகச் செய்யாமல், கோப்புகளின் நகல் இரண்டு மூன்று பேரிடமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கண்டுபிடித்ததை வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவருக்கும் அலுவலகத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள். "உங்கள் மீது புகார் இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த வரிசை, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த விதி என்று நான்கையும் குறிப்பிட்டு ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். அலுவலகத்திலிருந்து அடிக்கடி வருகிற பதில் "அந்தத் தொகை ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டுவிட்டது" என்பது. அப்படியென்றால், பணம் திரும்ப வந்த தேதியும் செலான் எண்ணும் என்ன என்று கேட்டு அடுத்த மனுவைப் போடுங்கள்.